482, 186, 494: ஆஸ்திரேலிய நிறுவனம் "ஸ்பான்சர் செய்கிறோம்" என்றால் எதற்குச் சம்மதிப்பது?

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நிறுவனம் வேலை கொடுத்து, "விசாவுக்கு நாங்களே ஸ்பான்சர் செய்கிறோம்" என்று எழுதினால் அதோடு பாதி வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி மூன்று வேறு வழிகளைக் குறிக்கலாம். தற்காலிகமான 482 விசாவாக இருக்கலாம். நேரடியாக நிரந்தரக் குடியிருப்பு தரும் 186 ஆக இருக்கலாம். பெருநகரங்களுக்கு வெளியே வேலை செய்ய வேண்டிய 494 ஆகவும் இருக்கலாம். வேலையும் சம்பளமும் ஒன்றாகவே இருந்தாலும், எந்த எண் என்பதைப் பொறுத்து அடுத்த ஐந்து வருடம் முற்றிலும் வேறாகிவிடும்.

இந்த மூன்றையும் ஒப்பிடும்போது எத்தனை வருட விசா, எவ்வளவு கட்டணம் என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டியது வேறு: பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு) கையில் வரும்வரை முதலாளியின் நாமினேஷன் உங்களுக்கு எத்தனை முறை தேவைப்படும், நடுவில் அந்த வேலை போனால் என்ன மிஞ்சும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் தேர்வு பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

நாமினேஷன் என்பது உங்கள் விசா விண்ணப்பத்திலிருந்து தனியான ஒன்று. நிறுவனம் உள்துறை அமைச்சகத்திடம், "இந்தப் பதவி எங்களுக்கு உண்மையிலேயே தேவை, இந்த நபரை இந்தச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறோம்" என்று தன் பெயரில் தாக்கல் செய்வது அது. உங்கள் படிப்பு, அனுபவம், ஆங்கிலம் எல்லாம் சரியாக இருந்தாலும் நாமினேஷன் நிராகரிக்கப்பட்டால் விசாவும் போய்விடும். அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் நமக்குக் காட்டுவதில்லை. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான நிபந்தனைகளில் முதலாவது சம்பளம். 2013 முதல் பத்து வருடம் 53,900 டாலரிலேயே நின்றிருந்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பு 2023 ஜூலையில் 70,000 ஆனது. 2024 ஜூலையில் 73,150, 2025 ஜூலை 1 முதல் 76,515 ஆஸ்திரேலிய டாலர். ஒவ்வொரு ஜூலையிலும் இது திருத்தப்படும் என்பதால், நாமினேஷன் எந்தத் தேதியில் தாக்கலாகிறது என்பதைப் பாருங்கள். இந்தத் தொகையில் சூப்பரானுவேஷன் எனப்படும் ஓய்வூதியப் பங்கு சேராது. பலர் ஏமாறும் இடம் இதுதான். "மொத்தம் 80,000, சூப்பர் உட்பட" என்று கடிதத்தில் இருந்தால், 12 சதவீத சூப்பரைக் கழித்த பிறகு அடிப்படைச் சம்பளம் சுமார் 71,400 டாலர்தான். வரம்பைத் தொடவில்லை, நாமினேஷன் நிற்காது.

வரம்பைத் தாண்டினால் மட்டும் போதாது. அதே ஊரில் அதே வேலையைச் செய்யும் ஆஸ்திரேலியருக்கு 95,000 டாலர் கொடுக்கிறார்கள் என்றால் உங்களுக்கும் அதுவே வர வேண்டும். சந்தைச் சம்பளத்தை நிறுவனம் ஆவணங்களோடு நிரூபிக்க வேண்டும். இந்த விதி உங்களைக் காப்பதற்காக வந்தது, அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

அடுத்தது பதவி உண்மையானதா என்பது. ஒரு சிறிய உணவகத்துக்குத் தேவைப்படுவது கல்லாவில் உட்கார ஓர் ஆள், காகிதத்தில் மட்டும் "மேலாளர்" என்று எழுதுகிறார்கள் என்றால் அதிகாரி அதைக் கண்டுபிடிப்பார். ஊழியர் எண்ணிக்கை, வருமானம், யார் யாருக்குக் கீழ் வேலை செய்கிறார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆன்ஸ்கோ என்ற தொழில் வகைப்பாட்டில் உங்கள் பதவிக்கு என்ன எண், அதன் கீழ் எழுதியிருக்கும் வேலைகள் நீங்கள் தினமும் செய்யப்போகும் வேலைதானா என்று நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

482: சீக்கிரம் போய்ச் சேரலாம், இன்னொரு நாமினேஷன் பாக்கி

1996 முதல் 2018 வரை இருந்த பழைய 457 விசாவின் இடத்துக்கு வந்தது 482. 2024 டிசம்பர் 7 முதல் அதன் பெயர் ஸ்கில்ஸ் இன் டிமாண்ட் விசா. பெரும்பாலோர் போவது இதன் கோர் ஸ்கில்ஸ் பிரிவில். 456 தொழில்கள் கொண்ட பட்டியல் ஒன்று இதற்கென இருக்கிறது. 2025 ஜூலை நிலவரப்படி 141,210 டாலரோ அதற்கு மேலோ ஆண்டுச் சம்பளம் என்றால் ஸ்பெஷலிஸ்ட் பிரிவு உண்டு, அதற்குப் பட்டியல் கிடையாது. ஆனால் வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற கைத்தொழில்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் அந்தப் பிரிவு மூடியிருக்கிறது.

உள்ளே நுழைய மூன்றிலும் எளிது இதுவே. கடந்த ஐந்து வருடத்தில் ஒரு வருட முழுநேர அனுபவம் போதும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் 5. உயர்நிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ ஐந்து வருடம் முழுநேரமாக ஆங்கில வழியில் படித்தவர்களுக்குத் தேர்விலிருந்தே விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் ஆங்கில வழிப் பள்ளி, அப்புறம் பொறியியல் என்று வந்தவர்களில் பலருக்கு இது பொருந்தும். வயது வரம்பு இல்லை. எல்லாத் தொழிலுக்கும் திறன் மதிப்பீடு கேட்பதில்லை. ஆனால் சில கைத்தொழில்களில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா அமைப்பின் மதிப்பீடு கட்டாயம்.

நிறுவனத்தின் பக்கம்தான் வேலை அதிகம். முதலில் அது அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சராக இருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் 420 டாலர், ஐந்து வருடம் செல்லும். நாமினேஷனுக்கு 330 டாலர். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட, வழக்கமாக இரண்டு விளம்பரங்களை நான்கு வாரம் ஓட விட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் திறன் பயிற்சி நிதிக்கான லெவி, அதாவது கட்டாய வரி: ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலருக்குக் குறைவான நிறுவனம் விசாவின் ஒவ்வொரு வருடத்துக்கும் 1,200 டாலர், பெரிய நிறுவனம் 1,800 டாலர் கட்டும். நான்கு வருட விசாவுக்கு 4,800 அல்லது 7,200 டாலர் முன்கூட்டியே போய்விடும்.

சரி, பிஆர்? அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சரிடம் இரண்டு வருடம் வேலை செய்த பிறகு 186 விசாவின் டிரான்சிஷன் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அப்போது ஒரு நிறுவனம் உங்களை இரண்டாவது முறையாக நாமினேட் செய்ய வேண்டும். சிக்கல் இதில்தான் இருக்கிறது. முதல் நாமினேஷன் கிடைத்ததாலேயே இரண்டாவது கிடைக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. மேலாளர் மாறலாம், கம்பெனி கைமாறலாம், "இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று இழுக்கலாம். வாய்மொழியாகச் சொன்ன "பிஆர் வாங்கித் தருகிறோம்" என்ற வாக்குக்குச் சட்டத்தில் எடை இல்லை.

இந்தச் சார்பைக் கொஞ்சம் தளர்த்தும் மாற்றங்கள் சமீபத்தில் வந்திருக்கின்றன. முன்பு ஒரே முதலாளியிடம் இருந்த காலம்தான் கணக்கு. வேலை மாறினால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். 2024 டிசம்பர் முதல், அங்கீகரிக்கப்பட்ட எந்த ஸ்பான்சரிடம் செய்த வேலையும் அந்த இரண்டு வருடத்தில் சேரும். அதேபோல் வேலை போனால் புதிய ஸ்பான்சரைத் தேட முன்பு 60 நாள்தான். 2024 ஜூலை 1 முதல் ஒரே தடவையில் 180 நாள், விசாக் காலம் முழுவதும் சேர்த்து 365 நாள். அந்த இடைவெளியில் வேறு இடத்தில் வேலையும் செய்யலாம். தொழில் மாறாமல் முதலாளி மட்டும் மாறினால், விசாவில் காலம் மீதி இருக்கும்வரை புதிய நிறுவனத்தின் நாமினேஷன் போதும், புதிய விசா எடுக்க வேண்டியதில்லை. கெட்ட முதலாளியிடம் மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து வருடக்கணக்கில் சகித்தவர்களுக்கு இந்த மாற்றங்கள் எவ்வளவு பெரியவை என்று தெரியும்.

482-இல் இருக்கும்போது இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடையாது. குடும்பம் முழுவதற்கும் தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். சில மாநிலங்களில் குழந்தைகளின் அரசுப் பள்ளிக்கும் கட்டணம் உண்டு. சம்பளத்தைக் கணக்குப் போடும்போது இந்த இரண்டையும் கழித்துப் பாருங்கள்.

186 டைரக்ட் என்ட்ரி: ஒரே நாமினேஷன், நேரே பிஆர்

இது கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம் என்பேன். ஒரே ஒரு நாமினேஷன், விசா வந்த நாளே நிரந்தரக் குடியிருப்பு, மெடிகேர். நிபந்தனையாக எந்த முதலாளியின் பெயரும் விசாவோடு ஒட்டியிருக்காது. குடியுரிமைக்குத் தேவையான நான்கு வருடக் குடியிருப்பில் கடைசிப் பன்னிரண்டு மாதமாவது பிஆர் ஆக இருக்க வேண்டும் என்ற கணக்கும் சீக்கிரம் நிறைவேறும்.

கதவு கொஞ்சம் குறுகல். 45 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். மூன்று வருட அனுபவம், ஐஇஎல்டிஎஸ் என்றால் ஒவ்வொரு பகுதியிலும் 6, உரிய அமைப்பிடமிருந்து திறன் மதிப்பீடு எல்லாம் வேண்டும். ஐடி துறைக்கு ஏசிஎஸ், பொறியாளர்களுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, செவிலியர்களுக்கு ஆன்மாக் என்று தொழிலுக்குத் தொழில் மதிப்பிடும் அமைப்பு மாறும். நம் ஊர் ஆட்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நம் நிறுவனங்கள் தரும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் தவிர எதுவும் இருக்காது. மதிப்பீட்டு அமைப்போ பதவி, வேலை நேரம், என்னென்ன பொறுப்புகள் என்று விவரமாக எழுதிய கடிதம் கேட்கும். அதற்குத் துணையாக ஃபார்ம் 16, பிஎஃப் கணக்கு விவரம், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். மூடிப்போன கம்பெனியிடம் பிறகு கடிதம் வாங்க முடியாது.

நிறுவனத்துக்கோ இதில் சில சுமைகள் குறைவு. டைரக்ட் என்ட்ரிக்கு ஸ்பான்சர் அங்கீகாரம் முன்கூட்டியே வேண்டியதில்லை, சட்டப்படி நடக்கும் நிறுவனமாக இருந்தால் போதும். நாமினேஷன் கட்டணம் 540 டாலர். லெவி ஒரே தடவை 3,000, பெரிய நிறுவனம் என்றால் 5,000 டாலர். பதவி குறைந்தது இரண்டு வருடம் நீடிக்கும் என்று காட்ட வேண்டும். சிறிய நிறுவனம் ஒன்று உங்களுக்கு நான்கு வருட 482 எடுத்து, பிறகு டிரான்சிஷனுக்கும் நாமினேட் செய்தால் லெவி மட்டுமே 4,800-உம் 3,000-உம் சேர்ந்து 7,800 டாலர். டைரக்ட் என்ட்ரிக்கு 3,000தான். பேச்சுவார்த்தையில் இந்தக் கணக்கை மரியாதையாக எடுத்து வையுங்கள். "பிஆர் கொடுத்தால் ஆள் ஓடிவிடுவார்" என்ற பயம் முதலாளிக்கு இருக்கும், அது நியாயமான பயமும்கூட. ஆனால் மிச்சமாகும் தொகையைக் கண்ணால் பார்த்தால் பலர் யோசிப்பார்கள்.

டைரக்ட் என்ட்ரியின் உண்மையான குறை காத்திருப்பு. முடிவு வர மாதங்கள் ஆகும், ஒரு வருடத்தையும் தாண்டலாம். அவ்வளவு நாள் காலி நாற்காலியை வைத்துக்கொண்டு எந்த நிறுவனமும் உட்காராது. முடிவு வருவதற்குள் அந்த வேலை போனால் விண்ணப்பமும் விழும், 2025 ஜூலை நிலவரப்படி முதன்மை விண்ணப்பதாரருக்கு 4,910 டாலராக இருந்த விசாக் கட்டணமும் போகும். 482-இல் இருப்பது போன்ற 180 நாள் அவகாசம் நிலுவையில் இருக்கும் 186 விண்ணப்பத்துக்குக் கிடையாது, ஏனென்றால் அது அந்த ஒரு நாமினேஷனோடு கட்டப்பட்டது.

இரண்டையும் சேர்த்தும் செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 482-இல் சீக்கிரம் போய் வேலையில் சேர்ந்துவிட்டு, மூன்று வருட அனுபவமும் மதிப்பீடும் ஏற்கெனவே இருந்தால், இரண்டு வருடம் காத்திருக்காமல் டைரக்ட் என்ட்ரியில் உடனே தாக்கல் செய்யலாம். டிரான்சிஷனுக்குத்தான் இரண்டு வருடக் கணக்கு. ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து பிஆர் விண்ணப்பித்தவுடன் மெடிகேருக்கும் பதிவு செய்ய வழி திறக்கும். நிறுவனம் இதற்குச் சம்மதித்தால் மூன்று வழிகளிலும் நான் முதலில் வைப்பது இதையே.

494: ஊரைத் தேர்ந்தெடுத்தால் முதலாளியிடமிருந்து விடுதலை

2019 நவம்பர் 16 அன்று பழைய 187 விசாவுக்குப் பதிலாக வந்த 494-ஐப் பலர் "கிராமத்து விசா" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் விட்டால் நாட்டின் மற்ற பகுதி எல்லாமே இதன் எல்லைக்குள் வரும். பெர்த், அடிலெய்ட், கோல்ட் கோஸ்ட், கான்பெரா, ஹோபார்ட், நியூகாசில், ஜிலாங் எல்லாம் இதில் அடக்கம். பெர்த்திலும் அடிலெய்டிலும் கோயில், தமிழ்ச் சங்கம், மளிகைக் கடை எதற்கும் குறைவில்லை.

ஐந்து வருட விசா. தகுதிகள் ஏறக்குறைய டைரக்ட் என்ட்ரி போலவே: 45 வயதுக்குக் கீழ், மூன்று வருட அனுபவம், திறன் மதிப்பீடு, ஒவ்வொரு பகுதியிலும் 6. நிறுவனம் அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சராக இருக்க வேண்டும், பதவி ஐந்து வருடம் நீடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், சம்பளம் சந்தைக்கு ஏற்றதா என்று அந்த வட்டாரத்துக்கான சான்றளிக்கும் அமைப்பு ஒன்று கருத்துச் சொல்ல வேண்டும். லெவி 186 போலவே ஒரே தடவை. குடும்பத்துக்கு ஆரம்பத்திலிருந்தே மெடிகேர் உண்டு, சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய வித்தியாசம்.

ஆனால் 494-இன் சிறப்பு அதன் முடிவில்தான் இருக்கிறது. மூன்று வருடம் அந்த எல்லைக்குள் வாழ்ந்து, வேலை செய்து, மூன்று வருட வருமான வரி மதிப்பீட்டைக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்கு எந்த முதலாளியின் நாமினேஷனும் தேவையில்லை, குறைந்தபட்ச வருமானம் இவ்வளவு என்று நிர்ணயிக்கவும் இல்லை. கடைசிக் கட்டத்தில் யாருடைய கையெழுத்துக்காகவும் நிற்க வேண்டாம் என்பது 482 வழியில் போனவர்களுக்குக் கிடைக்காத நிம்மதி.

அதற்கான விலையும் உண்டு. 494 கையில் இருக்கும்வரை அந்த எல்லைக்கு வெளியே வாழவோ வேலை செய்யவோ முடியாது. சிட்னியில் இரண்டு மடங்கு சம்பளம் வந்தாலும் போக முடியாது. மூன்று வருடம் முடியும் முன் 186 உள்ளிட்ட பல நிரந்தர விசாக்களுக்கு விண்ணப்பிக்கவும் தடை. வேலை போனால் 180 நாள் அவகாசம் இதிலும் இருக்கிறது, ஆனால் புதிய முதலாளியும் எல்லைக்குள்ளேயே, அதே தொழிலில் கிடைக்க வேண்டும். ஹோபார்ட் போன்ற சிறிய ஊரில் உங்கள் தொழிலில் இரண்டே நிறுவனங்கள் இருந்தால், காகிதத்தில் இருக்கும் 180 நாளுக்கு அர்த்தம் குறைவு. பெர்த்தில் இருக்கும் செவிலியருக்கோ மெக்கானிக்குக்கோ அந்தக் கவலை குறைவு. ஆக 494 என்றால் ஊரின் வேலைச் சந்தையை முதலில் பார்க்க வேண்டும், நிறுவனம் அப்புறம்தான்.

யாருக்கு எது

வயது 43, 44 என்று இருப்பவர்கள் 482-க்குத் தலையாட்டும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து டிரான்சிஷனுக்கு வரும்போது 45 கடந்திருந்தால், உயர் வருமானம் போன்ற சில விலக்குகளுக்குள் வராதவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும். 494-இல் வயதைப் பார்ப்பது விண்ணப்பிக்கும் நாளில் மட்டுமே, பிறகு 191-க்கு வயது வரம்பே இல்லை. டைரக்ட் என்ட்ரியும் அப்படியே, தாக்கல் செய்த நாளின் வயதுதான் கணக்கு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே 494-ஐ நான் 482-க்கு மேல் வைப்பேன்.

இருபதுகளின் கடைசியில், ஒன்றிரண்டு வருட அனுபவத்தோடு இருப்பவர்களுக்கு 482 தவிர வேறு வழி பெரும்பாலும் திறந்திருக்காது. அவர்கள் சிட்னி, மெல்பர்ன் போல வேறு ஸ்பான்சர்கள் நிறைய இருக்கும் ஊருக்குப் போவது பாதுகாப்பு. முதல் நிறுவனம் கைவிட்டாலும் காலக் கணக்கு கூடவே வரும். குழந்தைகளோடு போகும், தகுதியும் நிறைந்த நடுவயதுக் குடும்பம் டைரக்ட் என்ட்ரியைக் கேட்கட்டும். கிடைக்காவிட்டால் பெர்த், அடிலெய்ட் பக்கம் 494-ஐத் தேடட்டும்.

எந்த வழியானாலும் பணம் யார் கட்டுவது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்பான்சர் கட்டணம், நாமினேஷன் கட்டணம், லெவி எல்லாம் நிறுவனத்தின் செலவு. அவற்றை உங்களிடம் கேட்கவோ சம்பளத்தில் பிடிக்கவோ கூடாது. விசாக் கட்டணமும் திறன் மதிப்பீட்டுச் செலவும் உங்களுடையதாக இருக்கலாம். ஸ்பான்சர் செய்வதற்கு விலையாகப் பணம் கேட்பது 2015 டிசம்பர் முதல் குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். கொடுப்பவரும் தப்ப மாட்டார், அவருடைய விசாவே ரத்தாகலாம். "இத்தனை லட்சம் கட்டினால் ஸ்பான்சர் ரெடி" என்று நம் ஊர் ஏஜென்ட் யாராவது சொன்னால், அவர் விற்பது என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கையெழுத்துக்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. எந்த விசா எண், எந்தப் பிரிவு, எந்த ஆன்ஸ்கோ எண், சூப்பர் நீங்கலாகச் சம்பளம் எவ்வளவு, 482 என்றால் 186-க்கு எப்போது நாமினேட் செய்வார்கள், இடையில் விலகினால் பணம் திருப்பிக் கட்டச் சொல்லும் ஷரத்து ஏதாவது இருக்கிறதா? அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சர்களின் பெயர்ப் பட்டியலை அரசு வெளியிடுகிறது. தண்டிக்கப்பட்ட ஸ்பான்சர்களின் பட்டியலை ஆஸ்திரேலிய எல்லைப் படை தனியாக வெளியிடுகிறது. இரண்டிலும் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். ஆலோசகர் வைத்துக்கொண்டால் அவர் பெயர் குடிவரவு முகவர்களின் பதிவேட்டில் இருக்கிறதா என்றும், அவருக்குக் கட்டணம் கொடுப்பது நிறுவனமா நீங்களா என்றும் பாருங்கள். நிறுவனம் நியமித்த முகவர் முதலில் நிறுவனத்தின் நலனையே பார்ப்பார். உங்கள் பக்கத்தைப் பார்க்க ஒரு மணி நேரத்துக்காவது தனியாக ஒருவரிடம் பேசுவதற்கு ஆகும் செலவு, தவறான எண்ணில் கழியும் இரண்டு வருடத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.